யானை வராத மைதானம்

"தினமும் அரை மணி நேரம் நடங்கள்." நாற்பது வயதைத் தாண்டிய எவரும் எந்த வியாதிக்காக எந்த டாக்டரிடம் போனாலும் கடைசியில் காதில் விழும் வாக்கியம் இதுதான். நல்ல யோசனை, காசு செலவில்லாத மருந்து. ஆனால் எங்கே நடப்பது, எப்போது நடப்பது என்று மருந்துச் சீட்டில் எழுதியிருப்பதில்லை.

கேரளத்து எல்லைகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது சின்னக் கேள்வி அல்ல. பாலக்காட்டுப் பக்கம் வெயில். 2024 ஏப்ரல் கடைசியில் அங்கே வெப்பம் 41 டிகிரியைத் தாண்டியது. காலை எட்டு மணிக்கே தார் ரோடு சுட ஆரம்பித்துவிடும். சரி, விடியற்காலையில் நடக்கலாம் என்றால், 2022 ஜூலையில் பாலக்காடு நகரை ஒட்டிய தோணியில் காலை நடைக்குப் போன ஒரு பெரியவர் காட்டு யானையிடம் சிக்கி உயிரிழந்தார். பி.டி.7 என்று வனத்துறை எண் கொடுத்திருந்த அந்த யானையை 2023 ஜனவரி 22 அன்றுதான் பிடித்தார்கள்.

இடுக்கிப் பக்கம் கேட்கவே வேண்டாம். ஜூனில் தொடங்கும் மழை ஆகஸ்ட் வரை விடாது. அக்டோபரில் மறுபடியும் வரும். மழை இல்லாத நாளில் பனி மூட்டம். இரண்டும் இல்லாத நாளில் யானை. சின்னக்கானல் மக்களை ஆட்டி வைத்த அரிக்கொம்பனை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பெரியாற்றுக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அது கம்பத்துக்கே இறங்கி வந்து, பிறகு தமிழ்நாட்டு வனத்துறை அதைக் களக்காடு முண்டந்துறைக் காட்டில் விட்ட கதை நாம் எல்லோரும் டெலிவிஷனில் பார்த்ததுதான். மூணாறில் படையப்பா என்று பெயர் வாங்கிய இன்னொரு கொம்பன் தேயிலை ரோட்டில் நின்றால் பஸ்ஸே நின்றுவிடும். வாக்கிங் போகிறவர் எம்மாத்திரம்?

நான் தேவிகுளம் தாலுகாவிலும் சித்தூர் தாலுகாவிலும் தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் முப்பது வருஷம் விசில் ஊதிய டிரில் வாத்தியார். ஓய்வு பெற்றபின் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குடியிருக்கிறேன். வீட்டுக்குள் டி.வி. முன் நின்று கை காலை ஆட்டும் விளையாட்டு தேகப்பயிற்சி ஆகுமா என்று என்னிடம் பலர் கேட்கிறார்கள். மூணாறில் மகள் வீட்டில் நான் கண்டதையும், ஆராய்ச்சியாளர்கள் கண்டதையும் சேர்த்து வாசக அன்பர்கள் முன் வைக்கிறேன்.

வேலை போய்விட்டது, சாப்பாடு போகவில்லை

நம் முன்னோர் பிழைப்புத் தேடி இந்த மலைக்கு வந்தபோது அவர்களுக்குத் தேகப்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. முதுகில் சுமையோடு சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து எடுத்த பெண்ணின் உடம்பு ஒரு நாளில் பார்த்த வேலையை என் பள்ளி ஓட்டக்காரர்கள் கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். சித்தூர் தாலுகாவில் வரப்பிலும் தென்னந்தோப்பிலும் பாடுபட்டவர்கள் கதையும் அதுவே.

58 வயதில் தோட்டத்து வேலை முடிகிறது. அடுத்த நாளே உட்கார்ந்துவிடுகிறோம். சாப்பாட்டு அளவு மட்டும் வேலைக்குப் போன காலத்து அளவிலேயே நிற்கிறது. மகனுக்குக் கடை வேலை அல்லது கம்ப்யூட்டர் வேலை. பேரனுக்குச் செல்போன். மூன்று தலைமுறையும் ஒரே சோபாவில்.

இதன் விளைவு கணக்கில் தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் நாடு தழுவிய ஆய்வு முடிவு 2023 ஜூனில் லான்செட் மருத்துவ இதழ்களில் ஒன்றில் வெளிவந்தது. அதன்படி அகில இந்திய அளவில் வயது வந்தோரில் 11.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை வியாதி. தமிழ்நாட்டில் 14.4 சதவீதம். கேரளத்தில் 25.5 சதவீதம், அதாவது நான்கில் ஒருவர். இதே ஆய்வுக் குழு 2014-இல் தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய இடங்களில் எடுத்த கணக்கில், பாதிக்கு மேற்பட்டோர் போதிய உடலுழைப்பு இல்லாதவர்கள் என்று தெரிந்தது. பொழுதுபோக்காக ஓடி ஆடுகிறவர்கள் பத்தில் ஒருவர் கூட இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்ன அளவு இது: பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் வரை மிதமான உழைப்பு, பிள்ளைகளுக்குச் சராசரியாகத் தினம் 60 நிமிஷம், 65 வயதைக் கடந்தவர்கள் இதோடு வாரம் மூன்று நாளாவது, தடுமாறி விழாமல் நிற்பதற்கான சமநிலைப் பயிற்சியும் செய்ய வேண்டும்.

இது என்ன விளையாட்டு?

வீடியோ கேம் என்றால் கட்டை விரல் மட்டும் வேலை செய்வது என்பதே வெகு காலம் வரை நடைமுறை. உடம்பையும் சேர்க்க வேண்டும் என்ற எண்ணம் பழையதுதான். 1998-இல் ஜப்பானின் கொனாமி நிறுவனம் 'டான்ஸ் டான்ஸ் ரெவல்யூஷன்' என்ற ஆட்டத்தைக் கொண்டுவந்தது. திரையில் வரும் அம்புக்குறிக்கு ஏற்பக் காலடியில் உள்ள கட்டத்தை மிதிக்க வேண்டும். நம் ஊர்ப் பாண்டியாட்டத்துக்குப் பாட்டும் மின்சாரமும் சேர்த்தது போல! அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா, இடுக்கியைப் போல மலைப் பிரதேசம். உடல் பருமன் அதிகமுள்ள மாநிலம். அங்கே 2006-இல் 765 அரசுப் பள்ளிகளிலும் இந்த ஆட்டத்தை வைப்பதென்று முடிவு செய்தார்கள். ஒரு டிரில் வாத்தியாராக எனக்கு இந்தச் செய்தி வியப்பளித்தது.

2006 நவம்பரில் நிண்டெண்டோ நிறுவனத்தின் 'வீ' வந்தது. டி.வி. ரிமோட் போன்ற ஒரு கருவியைக் கையில் பிடித்து டென்னிஸ் மட்டை போல வீச வேண்டும். கை எந்தத் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதை அதற்குள் இருக்கும் சிறு உணர்வி கண்டுபிடிக்கும். ரிமோட்டின் நுனியில் உள்ள கேமரா, டி.வி. பக்கத்தில் வைத்த பட்டையிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைப் பார்த்து, நாம் திரையில் எங்கே குறி வைக்கிறோம் என்று கணக்கிடும். 10 கோடிக்கு மேல் விற்ற இயந்திரம் இது. ஆரம்பத்தில் ஆடும் வேகத்தில் மணிக்கட்டுக் கயிறு அறுந்து ரிமோட் பறந்தது. அதனால் 2006 டிசம்பரில் சுமார் 32 லட்சம் கயிறுகளை நிறுவனம் மாற்றித்தர வேண்டிவந்தது!

அடுத்த ஆண்டு ஜப்பானில் 'வீ ஃபிட்' வந்தது. எடை பார்க்கும் தட்டு போன்ற பலகை. நான்கு மூலையிலும் எடை உணர்விகள். ஏறி நின்றால் உடம்பின் பாரம் இடதில் சாய்கிறதா, வலதில் சாய்கிறதா என்று காட்டிவிடும். இதை உருவாக்கிய ஷிகேரு மியாமோட்டோ தன் வீட்டில் தினமும் எடை பார்த்துக் குறித்து வந்த பழக்கமே இதற்கு விதை.

2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் 'கினெக்ட்' கொண்டுவந்தது. இதில் கையில் எதுவும் வேண்டாம். அறை முழுவதும் கண்ணுக்குத் தெரியாத ஒளிப் புள்ளிகளைத் தூவி, அவை விழும் விதத்தைக் கொண்டு ஆளின் தூரத்தையும், தோள், முழங்கை, முழங்கால் என்று 20 மூட்டுகளின் இருப்பையும் கணக்கிடும். முதல் 60 நாளில் 80 லட்சம் விற்றது. ஆனால் 2017-இல் இதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள்.

2019 அக்டோபரில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் இயந்திரத்துக்காக 'ரிங் ஃபிட் அட்வென்ச்சர்' வந்தது. ஸ்டியரிங் போன்ற ஒரு வளையத்தைக் கையால் அழுத்தவும் இழுக்கவும் வேண்டும். தொடையில் ஒரு பட்டை கட்டி நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். கொரோனா காலத்தில் 2020-இல் கடைகளில் கிடைக்காத அளவுக்கு இதற்குக் கிராக்கி. கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வராமல் இருக்க, ஓடுவதற்குப் பதில் முழங்காலை மடக்கி நிமிர்த்தும் சத்தமில்லாத முறையும் இதில் உண்டு. அடுக்குமாடியில் வாழும் நம்மவர்களுக்கு இது சௌகரியம்.

மூணாறு வீட்டில் பார்த்தது

என் மகளின் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா, முப்பத்தைந்து வருஷம் கொழுந்து எடுத்தவர். ஓய்வு பெற்று லயத்தை விட்டு இறங்கி மகன் வீட்டுக்கு வந்தபின் முழங்கால் வலி, சர்க்கரை, இரண்டும் ஒன்றாக வந்தன. டாக்டர் வழக்கம் போல நடக்கச் சொன்னார். நானும் அதையே சொன்னபோது அவர் கேட்ட கேள்வியை இன்றும் மறக்க முடியாது.

"நீங்களும் நடங்கங்கிய அண்ணாச்சி. ஆனகிட்ட டாக்டர் சீட்டக் காட்டுனா வழி விட்டுருமா?"

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொன்றும் இருந்தது. மழைக்காலத்தில் வழுக்கும் படியில் விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவர் வீட்டு வாசல் படியைத் தாண்டுவதையே நிறுத்தியிருந்தார். கோயிலுக்குப் போவதும் நின்றது. மலைச்சரிவில் ஆடு போல ஏறியவர், குளியலறைக்குப் போகச் சுவரைப் பிடித்தார். மகள் என்னிடம் தனியாகச் சொன்னாள்: "அப்பா, அவுங்களுக்குக் கால் வலியை விடப் பயம்தான் அதிகம்."

துபாயில் வேலை பார்க்கும் மருமகனின் தம்பி விடுமுறைக்கு வந்தபோது ஒரு ஸ்விட்ச் இயந்திரம் கொண்டுவந்தார், பேரனுக்காக. 12 வயதுப் பேரன் ஒரு மழை நாளில் பொழுது போகாமல், "ஆச்சி, பௌலிங் போட வாங்க" என்று பாட்டியின் கையில் அந்தச் சின்னக் கருவியைத் திணித்தான். "எனக்கெதுக்குலே இந்தக் கூத்து?" என்றார். மூன்றாவது தடவை போட்ட பந்தில் பத்துக் கட்டையும் விழுந்துவிட்டது. டி.வி.யில் கைதட்டல். அன்றைக்கு அவர் சீரியல் பார்க்கவில்லை.

ஒரு வாரத்தில் பக்கத்து வீடுகளிலிருந்து, பழைய தோட்டத்துத் தோழிகள் மூன்று பேர் மாலை நாலு மணிக்கு வர ஆரம்பித்தார்கள். முறை வைத்து ஆட்டம். ஒருவர் போட மற்றவர்கள் கேலி. நான் போயிருந்தபோது, ஓரமாக உட்கார்ந்து ஒரு வாத்தியார் கண்ணோடு கவனித்தேன். பந்து போடும் ஒவ்வொரு தடவையும் சம்பந்தியம்மா ஒரு காலை முன்னே வைத்து, இடுப்பைக் குனிந்து, பின் நிமிர்ந்தார். ஒரு ஆட்டத்தில் இருபது தடவை வரை இது நடக்கும். சுவரைப் பிடிக்கவில்லை. "இருபது தடவை குனிந்து நிமிருங்கள்" என்று நான் விசில் ஊதியிருந்தால் இரண்டாவது தடவையே உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் மழையில் கரண்ட் போய்விட்டது. சும்மா உட்காருவானேன் என்று அந்த நாலு பேரும் கும்மி தட்ட ஆரம்பித்தார்கள். பேரன் வாயைப் பிளந்து பார்த்தான். பத்து நிமிஷத்தில் எல்லோருக்கும் மூச்சு வாங்கியது, முகத்தில் வியர்வை. பௌலிங்கில் நான் பார்க்காத வியர்வை! கரண்ட் வந்ததும் கும்மியை விட்டுவிட்டுப் பாதியில் நின்ற ஆட்டத்துக்கே ஓடினார்கள். ஏனென்றால் ஸ்கோர் நிலுவையில் இருந்தது.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு வீட்டில் கண்டதை வைத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஆராய்ச்சிகளைப் பார்ப்போம்.

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவிடும் சக்தியை 1 என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 முதல் 6 வரை மிதமான உழைப்பு. அதற்கு மேல் கடும் உழைப்பு. வேகமாக நடப்பது 4-ஐ ஒட்டி வரும். ஸ்கிப்பிங் கயிறு தாண்டுவது சுமார் 10. ஜப்பானில் ஆராய்ச்சியாளர்கள் பெரியவர்களை ஒரு மூடிய அளவை அறையில் வைத்து 'வீ' ஆட்டங்களில் செலவாகும் சக்தியை அளந்து 2010-இல் வெளியிட்டார்கள். கோல்ஃப் 2.0, பௌலிங் 2.6, டென்னிஸ் 3.0, குத்துச்சண்டை 4.2. மொத்தம் 68 அசைவுகளை அளந்ததில் 46 இலேசானவை, 22 மிதமானவை. கடும் உழைப்பு என்று சொல்ல ஒன்றுகூட இல்லை. ஆக, சம்பந்தியம்மாவின் பௌலிங் நடைக்குச் சமம் ஆகாது. குத்துச்சண்டை ஆகும்.

பிரிட்டனில் 13 முதல் 15 வயது வரை உள்ள 11 பிள்ளைகளை வைத்துச் செய்த சிறு ஆய்வு 2007-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. உட்கார்ந்து ஆடும் ஆட்டத்தைவிட இதில் சக்தி அதிகம் செலவாகிறது, ஆனால் உண்மையான விளையாட்டுக்கு ஈடாகாது என்பதே முடிவு.

2012-இல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த அமெரிக்க ஆய்வு நம் பெற்றோர் அவசியம் அறிய வேண்டியது. 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு உடம்பை அசைக்கும் ஆட்டங்களையும், மற்றவர்களுக்கு உட்கார்ந்து ஆடும் ஆட்டங்களையும் கொடுத்து, ஒரு அளவுக் கருவியை இடுப்பில் மாட்டி 13 வாரம் பார்த்தார்கள். மொத்த உடலுழைப்பில் இரு கூட்டத்துக்கும் வித்தியாசமே இல்லை! இயந்திரத்தை வாங்கி வீட்டில் வைத்தால் மட்டும் பிள்ளை ஓடி ஆடிவிடாது. கொஞ்சம் ஆடினாலும் மற்ற நேரத்தில் அதற்கு ஈடாகச் சும்மா இருந்துவிடும்.

இன்னும் ஒன்று. பக்கவாதம் வந்து கை பலவீனமானவர்களுக்கு 'வீ' ஆட்டம் உதவுமா என்று பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்த ஆய்வு 2016-இல் லான்செட் நியூராலஜி இதழில் வந்தது. 141 நோயாளிகள். வழக்கமான சிகிச்சையோடு ஒரு பிரிவுக்கு 'வீ', இன்னொரு பிரிவுக்குச் சீட்டாட்டம், பந்து போன்ற சாதாரணப் பொழுதுபோக்கு. இரு பிரிவுக்கும் கை தேறியது. இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. இயந்திரம் தோற்றது என்று சிலர் இதைப் படிப்பார்கள். நான் வேறு விதமாகப் படிக்கிறேன். சிரித்துப் பேசி ஒரு விளையாட்டில் ஈடுபட்டால் கை வேலை செய்யும். அந்த விளையாட்டு இருநூறு ரூபாய்ச் சாமானாக இருந்தாலும் செய்யும்.

இயந்திரத்தை ஏமாற்றும் வித்தை

என் பேரனின் சாமர்த்தியத்தையும் சொல்ல வேண்டும். டென்னிஸ் ஆட்டத்தில் அவன் பாட்டியை எப்போதும் ஜெயிப்பான், சோபாவில் சாய்ந்தபடியே. மணிக்கட்டை மட்டும் லேசாகச் சுண்டுவான். இயந்திரத்துக்கு அது போதும்.

"எந்திரிச்சு நின்னு ஆடுடா" என்றேன்.

"எதுக்கு அப்புச்சி? இப்பிடியே பாயின்ட் வருதே!"

அவன் சொல்வதிலும் நியாயம் உண்டு. கருவி பார்ப்பது கையை. கால் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. கால் மடங்கவில்லை, மூச்சு வாங்கவில்லை என்பதை ஒரு வாத்தியாரோ, கூட ஆடுகிற இன்னொருவரோதான் கவனிக்க வேண்டும். பிறகு நான் ஒரு சட்டம் போட்டேன்: உட்கார்ந்து எடுத்த பாயின்ட் செல்லாது. அதன்பின் பாட்டி ஜெயிக்கத் தொடங்கினார். பேரனும் எழுந்து நிற்கத் தொடங்கினான்.

பிள்ளைகள் விஷயத்தில் என் கருத்து கண்டிப்பானது. வெளியே ஆட வழி இருக்கும் நாளில் வெளியேதான் ஆட வேண்டும். ஓட்டத்தில், தாண்டுவதில், பந்து பிடிப்பதில், விழுந்து எழுவதில், தோழனோடு சண்டை போட்டுச் சமாதானம் ஆவதில் கிடைக்கும் வளர்ச்சி டி.வி. முன் கிடைக்காது. 2002 பூசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் தங்கம் வாங்கிய பீனாமோளும், 2010 குவாங்சோவில் 10,000 மீட்டரில் தங்கம் வாங்கிய பிரீஜா ஸ்ரீதரனும் இந்த இடுக்கி மண்ணில் பிறந்தவர்கள். 2017-இலும் 2019-இலும் ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டர் தங்கம் வாங்கிய பி.யு. சித்ரா பாலக்காட்டு முண்டூர்க்காரர். நம் வெயிலும் மலையும் ஆளை உருவாக்கத் தெரிந்தவைதான்.

யாருக்கு உண்மையில் உதவும்?

என் அனுபவத்தில் மூன்று கூட்டத்தாருக்கு. முதலாவது, வெளியே போக முடியாத அல்லது பயப்படுகிற பெரியவர்கள். அவர்களுக்குக் கலோரிக் கணக்கை விட எழுந்து நிற்பதும், குனிந்து நிமிர்வதும், விழமாட்டேன் என்ற தைரியமும் பெரிது. இரண்டாவது, வீட்டு வேலையோடு வேலைக்கும் போய்வரும் நம் பெண்கள். இருட்டிய பின் தனியே ரோட்டில் நடக்கத் தயங்குகிறவர்கள், கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிஷம் ஆடலாம், பார்ப்பார் யாருமில்லை. மூன்றாவது, மழையால் பள்ளி விடுமுறை விட்ட நாளில் அடைபட்ட பிள்ளைகள்.

இது எல்லார் வீட்டுக்கும் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதன் விலை தோட்டத் தொழிலாளி ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தில் அடங்காது. டி.வி.யிலிருந்து ஆறு முதல் எட்டு அடி தள்ளி நின்று கையை வீச இடம் வேண்டும். கட்டிலும் பீரோவும் போட்ட லயத்து அறையில் அந்த இடம் ஏது? அப்படிப்பட்ட வீட்டில் யாரும் கடன் வாங்கி இதை வாங்க வேண்டாம். ஒரு ஸ்கிப்பிங் கயிறு, செல்போனில் ஒரு பாட்டு, நாலு பேர் கூடிய கும்மி, இவை போதும். மூச்சு வாங்கினால் அது பயிற்சி, எதைக் கொண்டு வாங்கினாலும்.

சம்பந்தியம்மாவின் விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மாத்திரை தொடர்கிறது. சர்க்கரை சற்று இறங்கியிருக்கிறது. மாத்திரையால் இறங்கியதா, சோற்றைக் குறைத்ததால் இறங்கியதா, ஆட்டத்தால் இறங்கியதா என்று பிரித்துச் சொல்ல எனக்கு வழியில்லை. முழங்கால் வலி இருக்கிறது. ஆனால் போன தைப்பூசத்துக்குக் கோயில் படியைக் கைப்பிடி பிடித்துத் தானே ஏறினார். தோழிகள் மூவரும் கூட ஏறினார்கள்.

ஆடுகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

1. இருதய நோய், அதிக ரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். மின்னும் திரை சிலருக்கு வலிப்பைத் தூண்டும்.

2. இன்சுலின் அல்லது சர்க்கரை மாத்திரை எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் ஆடக்கூடாது. கைக்கெட்டும் இடத்தில் ஒரு மிட்டாய் இருக்கட்டும். ஆடி முடித்ததும் பாதத்தில் கொப்புளம், காயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

3. டீப்பாயை நகர்த்துங்கள். டைல்ஸ் தரையில் காலுறையோடு ஆடினால் வழுக்கும். நழுவாத விரிப்பு நல்லது. தடுமாற்றம் உள்ளவர்கள் பக்கத்தில் கனமான நாற்காலி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

4. மணிக்கட்டுக் கயிறு கட்டாயம். டி.வி. விலை நினைவிருக்கட்டும்.

5. ஐந்து நிமிஷம் நின்ற இடத்தில் நடந்து உடம்பைச் சூடாக்கிய பின் ஆரம்பியுங்கள். இருபது, முப்பது நிமிஷம் போதும். ஸ்பெயினில் ஒரு இளம் டாக்டர் மணிக்கணக்கில் 'வீ' டென்னிஸ் ஆடித் தோள்பட்டைத் தசைநார் வீங்கிப் படுத்தார். அதற்கு 'வீயைட்டிஸ்' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்து 2007-இல் ஒரு மருத்துவ இதழிலேயே எழுதினார்கள்!

6. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. மிதமான உழைப்புக்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்லித்தந்த அளவுகோல் இதுதான். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் உடனே நிறுத்துங்கள்.

7. வாரம் ஒரு தடவை, ஒரே காலில் எத்தனை நொடி நிற்க முடிகிறது என்று சுவரோரமாக நின்று பாருங்கள். பேரன் எண்ணட்டும். திரையில் வரும் ஸ்கோரை விட இந்த ஸ்கோர் முக்கியம்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வீடும் தனித்தனியே பணம் போடுவதை விட, சங்கக் கூடத்தில் ஒரு இயந்திரம் இருந்தால் வாரம் இரண்டு மாலை பெரியவர்கள் கூடலாம். கரண்ட் இல்லாத மாலையில் கும்மியும் கோலாட்டமும் இருக்கவே இருக்கின்றன. ஆண்டு விழா விளையாட்டுப் போட்டியில் பிள்ளைகளுக்கு ஓட்டமும் பெரியவர்களுக்கு நாற்காலிப் போட்டியும் நடத்துகிறோம். அறுபதைக் கடந்த அம்மாக்களுக்கு ஒரு பௌலிங் போட்டியும் சேர்த்துக்கொள்ளலாமே! விசில் ஊத நான் தயார். பரிசு யாருக்கு என்பதில் எங்கள் சம்பந்தியம்மாவுக்கு இப்போதே சந்தேகம் இல்லை.